மரத்தை வெட்டினோம், குண்டுகரிச்சானைக் காணோம்: என்ன செய்யலாம்?

கேள்வி: கொல்லையில் பட்டுப்போன வேப்பமரம் ஒன்று நின்றது. போன ஆகஸ்டில் அதை வெட்டிவிட்டு, பேவர் பிளாக் போட்டோம். விடியற்காலையில் சீட்டியடித்துப் பாடும் குண்டுகரிச்சான் அதற்குப் பிறகு பாடவேயில்லை. கூட்டுப்பெட்டி மாட்டி, தானியம் வைத்தால் திரும்பி வருமா?

பதில்: முதலில் ஒரு ஆறுதல். ஆகஸ்டுக்குப் பிறகு அது பாடாததற்குப் பருவமும் ஒரு காரணம். குண்டுகரிச்சான் பெரும்பாலும் மார்ச் முதல் ஜூலை வரை குஞ்சு பொரிக்கும். அப்போதுதான் ஆண்பறவை தென்னை உச்சியிலோ ஆன்டெனாவிலோ உட்கார்ந்து, வாலைத் தூக்கிக்கொண்டு பாடும். மற்ற மாதங்களில் புதருக்குள் சத்தமில்லாமல் திரியும். அதனால் பங்குனி வரை பொறுத்திருங்கள்.

ஆனால் மரம் போனது இழப்புதான். இந்தப் பறவையால் மரத்தைக் குடைய முடியாது. குக்குறுவானும் மரங்கொத்தியும் பட்ட மரத்தில் குடைந்துவிட்டுப் போன பொந்து, சுவர் இடுக்கு மாதிரியான இடங்களில்தான் வேரும் புல்லும் பரப்பி முட்டையிடும். நமக்கு விறகாகத் தெரிகிற மரம் அதற்கு வீடு. இனி எந்த மரம் பட்டாலும், யார் மேலும் விழாத இடமென்றால், பத்தடி உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவையுங்கள்.

கூட்டுப்பெட்டி நல்ல யோசனை, அதில் இது தயங்காமல் குடியேறும். தை மாதத்திலேயே மாட்டிவிடுங்கள். வாசல் துளை 2 அங்குலம் போதும், பெரிதானால் மைனா பிடித்துக்கொள்ளும். பத்தடி உயரத்தில், வெயில் நேராக விழாத, பூனை ஏற முடியாத இடமாகப் பாருங்கள். ராத்திரி முழுக்க எரியும் எல்.இ.டி. விளக்குக்கு எதிரே வேண்டாம்.

தானியம் வேண்டவே வேண்டாம். அது புறாவைத்தான் கூட்டிவரும். குண்டுகரிச்சானுக்குப் பூச்சியும் புழுவும்தான் சாப்பாடு. சருகுமேல் தத்தித் தத்திப் போய், நின்று, தலையைச் சாய்த்துப் பார்த்துக் கொத்தும். பேவர் பிளாக்கில் அதற்கு என்ன கிடைக்கும்? என்னைக் கேட்டால், பெட்டியைவிட இதுதான் முக்கியம்: ஒரு மூலையில் பத்துக்குப் பத்தடி கல்லைப் பெயர்த்துவிட்டு, மண்ணைத் திறந்துவிடுங்கள். அங்கே விழும் இலையைக் கூட்டவும் வேண்டாம், கொளுத்தவும் வேண்டாம். பூச்சிமருந்தும் கூடாது. பக்கத்தில் ஒரு செம்பருத்திப் புதர் இருந்தால் பதுங்க இடமாகும்.

அப்புறம், பெட்டிக்குள் பறவை போய்வர ஆரம்பித்ததும் மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். 12, 13 நாள் அடைகாக்க வேண்டும். இடையில் மிரண்டால் முட்டையை அப்படியே விட்டுப் போய்விடக்கூடும்.