டெஸ்க்டாப்புக்குப் பதிலாக லேப்டாப்: எதற்குப் பணம் கொடுக்கலாம், எதற்கு வேண்டாம்?

கேள்வி: எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2014-ல் வாங்கியது. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ3, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. கணவரின் கடைக் கணக்கை டேலியில் நான்தான் போடுகிறேன். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். கம்ப்யூட்டர் ஆன் ஆவதற்குள் காபி போட்டுவிடலாம், அவ்வளவு மெதுவு. 55,000 ரூபாய்க்குள் லேப்டாப் வாங்க நினைக்கிறோம். ஒரு கடையில் புது ஐ3 போதும் என்கிறார்கள். இன்னொரு கடையில் அதைவிடக் குறைந்த விலைக்கு ஏழாம் தலைமுறை ஐ7 செகண்ட் ஹேண்ட் தருகிறேன் என்கிறார்கள். லேப்டாப் பெரும்பாலும் மேஜை மேலேயேதான் இருக்கும். எதைப் பார்த்து வாங்குவது? - வாசகி, ஈரோடு

பதில்: மாற்றுவது என்று முடிவு செய்தது சரி. உங்கள் பிராசசரில் விண்டோஸ் 11-ஐ முறைப்படி ஏற்ற முடியாது. இன்டெல்லில் பொதுவாக எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதற்கு அனுமதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓடு நின்றுவிட்டது. வீட்டு உபயோகத்துக்குத் தனியாகப் பதிவு செய்துகொண்டவர்களுக்குக்கூட 2026 அக்டோபர் 13 வரைதான். வங்கி, ஜிஎஸ்டி வேலை நடக்கும் கம்ப்யூட்டரை அப்டேட் இல்லாமல் ஓட்டக் கூடாது.

அந்த ஐ7 வேண்டாம். ஏழாம் தலைமுறை என்பதால் அதுவும் விண்டோஸ் 11 பட்டியலுக்கு வெளியே நிற்கும். அந்தக் காலத்து லேப்டாப் ஐ7-களில் 'யு' என்று முடியும் ரகங்களில் இரண்டே கோர்கள்தான் (பிராசசருக்குள் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் பகுதிகள்) இருந்தன. பன்னிரண்டாம் தலைமுறை ஐ3-1215யு-வில் ஆறு கோர்கள். ஐ3, ஐ5, ஐ7 என்ற எண்ணை ஒரே தலைமுறைக்குள் ஒப்பிட்டால்தான் அர்த்தம் உண்டு. தலைமுறை மாறிவிட்டால் அந்த எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. விற்பவர் 'ஐ7 சார்' என்று அழுத்திச் சொன்னால், முழு மாடல் எண்ணைக் கேளுங்கள்.

இனி உங்கள் 55,000-ஐ எங்கே செலவழிப்பது என்று பார்ப்போம். டெஸ்க்டாப்பில் ரேம் போதவில்லை என்றால் போட்டுக்கொள்ளலாம், மானிட்டர் சரியில்லை என்றால் வேறு வாங்கலாம், கீபோர்டு கெட்டால் சில நூறு ரூபாயில் வேலை முடிந்துவிடும். லேப்டாப்பில் அப்படி இல்லை. பிராசசரை மதர்போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறார்கள். பல மாடல்களில் ரேமும் அப்படித்தான். திரையும் கீபோர்டும் எது வந்ததோ அதுதான். அதனால் பிறகு மாற்ற முடியாதவற்றுக்குப் பணத்தைக் கொடுங்கள். மாற்றக்கூடியவற்றில் கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஃபைல்களைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி இருந்தால் தாராளம். நாளைக்குப் பெரியது வேண்டும் என்றால் பெரும்பாலான மாடல்களில் மாற்றிக்கொள்ளலாம். ஒரு டிபி என்று காட்டி விலை ஏற்றினால் அந்தப் பணத்தை ரேமில் போடச் சொல்லுங்கள்.

ரேம் விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்: 16 ஜிபி. 8 ஜிபியே போதும் என்று கடையில் சொல்வார்கள். இன்றைக்கு ஓடும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் உங்கள் விலைக்கு வரும் லேப்டாப்களில் தனி கிராபிக்ஸ் கார்டு இருக்காது. திரைக்கான நினைவகத்தையும் இந்த ரேமிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். விண்டோஸ் 11, பிரவுசரில் பத்துப் பக்கம், டேலி, பக்கத்தில் மகளின் வீடியோ வகுப்பு எல்லாம் சேர்ந்தால் 8 ஜிபி மூச்சு வாங்கிவிடும். ஐந்தாறு வருஷம் வைத்திருக்கப்போகும் பொருள் இது. 'இப்போது 8 வாங்கி அப்புறம் 8 போட்டுக்கொள்ளலாம்' என்பது முன்பு நல்ல யோசனையாக இருந்தது. 2025-ன் பிற்பகுதியிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறிவிட்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் நினைவகச் சிப்களை அள்ளிக்கொண்டு போகின்றன. தனியாக வாங்கிப் போட்டால் கணக்கு கட்டாது. பட்ஜெட் இடித்தால் பிராசசரில் ஒரு படி இறங்குங்கள், ரேமில் இறங்காதீர்கள்.

வேறு வழியில்லாமல் 8 ஜிபிதான் என்றால், பிறகு ரேம் செருகக் காலியாக ஸ்லாட் இருக்கிறதா என்பதைக் கடையிலேயே பார்த்துவிடலாம். காட்சிக்கு வைத்திருக்கும் அதே மாடலில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ், பிறகு மெமரி. கீழே 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்று ஒரு வரி இருக்கும். அதன் பக்கத்தில் 'ஃபார்ம் ஃபேக்டர்' என்ற இடத்தில் 'எஸ்ஓடிம்' என்று இருந்தால் கழற்றக்கூடிய ரேம். 'ரோ ஆஃப் சிப்ஸ்' என்று இருந்தால் அது பற்றவைத்தது. ஸ்லாட் எண்ணிக்கையை இது சில மாடல்களில் தப்பாகக் காட்டும், அதனால் நிறுவனத்தின் தளத்தில் மாடல் எண்ணைப் போட்டு ஒருமுறை சரிபாருங்கள்.

பிராசசரில் இன்டெல்லா ஏஎம்டியா என்ற சண்டைக்குள் போக வேண்டாம். உங்கள் வேலைக்கு இரண்டும் நன்றாகவே ஓடும். ஏஎம்டி பக்கம் போனால் ஒன்றை மட்டும் கவனியுங்கள். ரைசன் 7000 வரிசையில் நான்கு இலக்க எண்ணின் மூன்றாவது இலக்கம்தான் உள்ளே இருக்கும் வடிவமைப்பு எவ்வளவு புதியது என்று சொல்லும். 7520யு என்பதில் மூன்றாவது இலக்கம் 2. அது ஜென் 2 என்ற பழைய வடிவமைப்பு. 7530யு என்றால் ஜென் 3. இரண்டின் மேலும் 'ரைசன் 5' என்றே ஒட்டியிருக்கும், ஆனால் 7520யு-வில் நான்கு கோர், 7530யு-வில் ஆறு. அதோடு 7520யு லேப்டாப்களில் ரேம் பற்றவைத்தே வரும், பிறகு கூட்ட முடியாது. அட்டைப் பெட்டியில் உள்ள ஒரு இலக்கத்தில் இவ்வளவு வித்தியாசம் ஒளிந்திருப்பது வாங்குபவர்களுக்குச் செய்யும் நியாயமாக எனக்குப் படவில்லை. தெரிந்துகொண்டு போனால் ஏமாற மாட்டீர்கள்.

திரை: 15.6 அங்குலம், ஃபுல் எச்டி, பக்கவாட்டிலிருந்தும் தெளிவாகத் தெரியும் ஐபிஎஸ் பேனல். டிஎன் பேனல் என்றால் வேண்டாம். பக்கவாட்டில் உட்கார்ந்து பார்த்தால் நிறம் வெளிறிவிடும், மகளும் நீங்களும் சேர்ந்து பார்க்க முடியாது. கணக்கு போடுவதால் வலது பக்கம் எண் விசைகள் தனியாக இருக்கும் மாடலாகப் பாருங்கள்.

பழைய மானிட்டரைப் பழைய இரும்புக்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். மேஜையில் வைத்து மணிக்கணக்கில் லேப்டாப்பைக் குனிந்து பார்த்தால் கழுத்து வலி நிச்சயம். வேலை நேரத்தில் மானிட்டர், கீபோர்டு, மவுஸ் மூன்றையும் லேப்டாப்போடு இணைத்துவிட்டால் டெஸ்க்டாப் மாதிரியே உட்காரலாம். உங்கள் மானிட்டரில் விஜிஏ என்ற பழைய வகை இணைப்பு மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வாங்க வேண்டும். இரு பக்கமும் முனை உள்ள வெறும் கேபிள் வேலை செய்யாது, உள்ளே சிப் இருக்கும் கன்வெர்ட்டராகக் கேளுங்கள்.

இணைப்புத் துளைகளையும் எண்ணிக்கொள்ளுங்கள். பிரின்டர், மவுஸ், டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் எல்லாம் பழைய பெரிய யுஎஸ்பி முனைதான். குறைந்தது இரண்டு இருக்க வேண்டும், மூன்று இருந்தால் நிம்மதி. உங்கள் பிரின்டருக்கு விண்டோஸ் 11 டிரைவர் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

டேலி பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லைசென்ஸ் ஒரு கம்ப்யூட்டரோடு கட்டப்பட்டது. பழைய கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கும்போதே அதில் லைசென்ஸை சரண்டர் செய்துவிட்டுத்தான் புதியதில் ஆக்டிவேட் செய்ய வேண்டும். டேட்டா ஃபோல்டரைப் பென் டிரைவில் ஒன்று, வேறு இடத்தில் ஒன்று என்று இரண்டு பிரதி எடுங்கள். புதியதில் திறந்து, போன வருஷத்து லெட்ஜர் சரியாக வருகிறதா என்று பார்த்த பிறகே பழையதில் கை வையுங்கள்.

கேள்வி: லேப்டாப்பை நாள் முழுக்க சார்ஜரிலேயே போட்டு வைத்தால் பேட்டரி கெட்டுவிடுமா? வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டுமா? - வாசகர், தஞ்சாவூர்

பதில்: லித்தியம் அயன் பேட்டரியை 100 சதவீதத்திலேயே சூட்டில் நிறுத்தி வைத்தால் அது சீக்கிரம் முதுமையடையும். இதற்குத் தினமும் வயரைப் பிடுங்கிச் செருக வேண்டியதில்லை. பெரிய நிறுவனங்களின் லேப்டாப்களில் பெரும்பாலும், அவர்களின் சொந்தச் செயலியிலோ பயாஸிலோ (விண்டோஸ் திறக்கும் முன் வரும் அடிப்படை செட்டிங்ஸ்), சார்ஜை ஏறத்தாழ 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருக்கும். அதை ஒருமுறை போட்டுவிட்டால் போதும். ஊருக்குப் போவதற்கு முந்தைய நாள் மட்டும் எடுத்துவிடுங்கள். மெத்தை, சோபா மேல் வைத்து ஓட்ட வேண்டாம். காற்று உள்ளே போகும் வழி பெரும்பாலும் அடியில்தான் இருக்கிறது.

டச்பேட் மேலே எழும்புவது போலவோ மூடி சரியாக மூடாதது போலவோ தெரிந்தால் பேட்டரி உப்புகிறது என்று அர்த்தம். அன்றைக்கே நிறுத்திவிட்டு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோங்கள். அதை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும்.

கரண்ட் போனாலும் லேப்டாப் அணையாது என்பதால் பெரிய யுபிஎஸ் தேவையில்லை. ஆனால் இன்டர்நெட் ரவுட்டர் அணைந்துவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ரவுட்டருக்கென்று 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது, அது ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் வாங்கிய லேப்டாப் மூன்றாவது நாளே திரையில் கோடு விழுந்தது. விற்றவர் நிறுவனத்தைப் பாருங்கள் என்கிறார், நிறுவனம் ரிப்பேர்தான் செய்வோம், மாற்றித் தர மாட்டோம் என்கிறது. என்ன செய்வது? - வாசகர், நாகர்கோவில்

பதில்: முதலில் எல்லாவற்றையும் எழுத்தில் கொண்டு வாருங்கள். போனில் பேசியது கணக்கில் வராது. விற்பனைத் தளத்தின் செயலியிலேயே திருப்பித் தரும் கோரிக்கையைக் கெடு முடிவதற்குள் பதிவு செய்யுங்கள். கோடு தெரியும் வீடியோவை இணையுங்கள். சர்வீஸ் ஆள் வந்தால் அவர் கண்ட கோளாறை ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லி ஒரு பிரதி வாங்குங்கள். அந்தத் தாள்தான் பின்னால் பேசும்.

அதற்கும் அசையவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். கட்டணம் கிடையாது, நிறைய புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுகளுக்குள் போட வேண்டும். விற்றவர் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. குறையுள்ள பொருளை விற்றதற்கு அவரையும் நிறுவனத்தோடு சேர்த்து எதிர்த்தரப்பாகப் போடுங்கள்.

இனி வாங்குபவர்களுக்கு: சீல் உடைப்பதிலிருந்து முதல் முறை ஆன் ஆகும் வரை வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். அடியில் உள்ள சீரியல் எண்ணை நிறுவனத்தின் வாரண்டி பக்கத்தில் போட்டுப் பாருங்கள். வாரண்டி தொடங்கிய தேதி உங்கள் பில் தேதிக்கு மாதங்கள் முன்னால் இருந்தால், பில்லைக் காட்டி அன்றே திருத்தச் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய டெஸ்க்டாப்பை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா? அதில் பத்து வருஷத்துப் போட்டோக்கள் இருக்கின்றன. - வாசகி, மதுரை

பதில்: கொடுங்கள், ஆனால் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு கொடுங்கள். டிலீட் செய்ததை மீட்டெடுக்க இலவச சாஃப்ட்வேரே போதும். கழற்றுவதற்கு இரண்டு வயரும் நாலு ஸ்க்ரூவும்தான். டெஸ்க்டாப்பில் இருப்பது 3.5 அங்குல டிஸ்க். யுஎஸ்பி மின்சாரம் மட்டும் அதற்குப் போதாது, 12 வோல்ட் வேண்டும். அதனால் தனி அடாப்டரோடு வரும் 3.5 அங்குல என்க்ளோஷரை (டிஸ்க்கை உள்ளே வைத்து யுஎஸ்பியில் இணைக்கும் பெட்டி) கேட்டு வாங்குங்கள். லேப்டாப் டிஸ்க்குக்கான சின்னதை மாற்றி எடுத்துவந்தால் பொருந்தாது. போட்டோக்களை லேப்டாப்புக்கு மாற்றிய பிறகும் அந்த டிஸ்க்கை அழிக்காமல் அலமாரியில் வையுங்கள். ஆனால் பத்து வருஷ டிஸ்க் எப்போது வேண்டுமானாலும் நின்றுபோகலாம் என்பதால் புதிதாக இன்னொரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கிலும் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.