கோன் செட்டை டைட் செய்தபின் ஹேண்டில் நடுவில் சிக்குகிறதா?

நண்பரே, பைக்கில் முன் பிரேக் பிடித்தால் 'டக்' சத்தம், மெக்கானிக் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் கழுத்திலுள்ள பேரிங்கை) டைட் செய்தபின் ஹேண்டில் நேராக வரும்போது சிக்குகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலும் ரேஸில், அதாவது பேரிங் பால்கள் உருளும் வளையத்தில், குழி விழுந்திருக்கும். லூஸாகவே ஓட்டினால், ஒவ்வொரு பள்ளத்திலும் பால்கள் ரேஸின் ஒரே இடத்தில் இடித்துத் தடம் பதிக்கும். இனி எவ்வளவு டைட் செய்தாலும் அது போகாது.

உறுதி செய்ய, சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை விரல் நுனியால் மெதுவாகத் திருப்புங்கள். நடுவில் மட்டும் 'கிளிக்' என உட்கார்ந்தால் மேல், கீழ் இரண்டு ரேஸையும் பால்களோடு சேர்த்து மாற்றுங்கள். பாதி மாற்றுவது வீண் செலவு.

நடுவில் சிக்கவில்லை, முழுச் சுற்றிலும் இறுக்கம் மட்டும்தான் என்றால் நீங்கள் தப்பித்தீர்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாய்களின் மேல்முனையை இணைக்கும் தகடான மேல் பிரிட்ஜில், ஃபோர்க்கைப் பிடிக்கும் போல்ட்டுகளையும் நடு நட்டையும் தளர்த்திவிட்டு, அதன் அடியிலுள்ள, விளிம்பில் வெட்டுகள் கொண்ட காடி நட்டைக் கொக்கி ஸ்பேனரால் கொஞ்சம் கொஞ்சமாக, எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் போகாமல், தளர்த்துங்கள். உளியும் சுத்தியலும் வேண்டவே வேண்டாம், காடி சிதைந்துவிடும். பிறகு நடு நட்டை முறுக்கி மறுபடி பாருங்கள். நடு நட்டு அழுத்தும்போது செட்டிங் மாறும், பலர் கோட்டைவிடுவது இங்கேதான். ஃபோர்க் போல்ட்டுகளைக் கடைசியில் முறுக்குங்கள்.

லேசாகத் தட்டினால் ஹேண்டில் தானாக இருபுறமும் போய்ச் சாய வேண்டும். ஃபோர்க்கின் அடியைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. இவை இரண்டும் சரியாகும்வரை வேகமாக ஓட்டாதீர்கள்.