உரியும் பெயிண்ட்டின் மேல் ஃபிலிம் ஒட்டலாமா?

கேள்வி: என் காருக்கு ஏழு வயதாகிவிட்டது. சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) திறந்தவெளி நிறுத்துமிடத்தில்தான் நிற்கிறது. பானெட்டிலும் கூரையிலும் பளபளப்பு போய், வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. முழுக் காருக்கும் ஒளிபுகும் ஃபிலிம் ஒட்டினால் சரியாகிவிடும், பத்தாண்டு உத்தரவாதமும் உண்டு என்கிறார் கடைக்காரர். ஒட்டலாமா?
– ஈசூன் வாசகர்

பதில்: வேண்டாம், ஐயா. முன்பணம் கொடுக்காமல் இருந்தால் நல்லது.

வெள்ளையாகத் தெரிவது அழுக்கு அல்ல. நிறத்தின் மேல் காவலாக இருக்கும் தெளிந்த பூச்சு வெயிலில் சிதைந்து உரிகிறது. அந்தப் பூச்சின் தடிமனே ஏறக்குறைய 40, 50 மைக்ரான்தான், தலைமுடியைவிட மெல்லியது. பிடிப்பு விட்டுப்போன பரப்பின் மேல் ஃபிலிம் ஒட்டினால், பசை பற்றுவது அந்த உரிகிற செதிலைத்தான். ஒளிபுகும் ஃபிலிம் என்பதால் திட்டுகள் அப்படியே தெரியும். பின்னாளில் கழற்றும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரும். நல்ல பெயிண்ட்டைக் காப்பதற்குத்தான் ஃபிலிம். கெட்டுப்போன பெயிண்ட்டை அது குணப்படுத்தாது. இதைச் சொல்லாமல் விற்பவரிடம் எனக்குக் கோபம்தான் வருகிறது.

பானெட்டையும் கூரையையும் மட்டும் தேய்த்து மறுபூச்சு செய்யுங்கள். கதவுகளில் பளபளப்பு குறையவில்லையென்றால் அவற்றைத் தொடவே வேண்டாம், அவற்றில் இருப்பது ஆலைப் பூச்சு. தொழிற்சாலையில் வெறும் உலோகக் கூடாக இருக்கும்போதே பூசி, 140 பாகை செல்சியஸ் அளவில் சுட்டு எடுக்கிறார்கள். பட்டறையில் பிளாஸ்டிக்கும் மின்கம்பிகளும் பூட்டிய காரை அப்படிச் சுட முடியாது. 60 பாகையை ஒட்டித்தான் சூடேற்றுவார்கள். ஆலைப் பூச்சின் உறுதி மறுபடி கிடைப்பது அரிது.

மறுபூச்சு செய்த கையோடு ஃபிலிம் ஒட்டவும் கூடாது. பெயிண்ட்டில் உள்ள கரைப்பான் ஆவியாகி வெளியேற ஒரு மாதமாவது வேண்டும். அவசரப்பட்டால் அடியில் கொப்புளம் கட்டும்.

பத்தாண்டு செல்லும் வாகன உரிமைச் சான்றிதழில் இன்னும் மூன்றாண்டுக்கும் குறைவுதானே இருக்கிறது? காரைப் பதிவுநீக்கம் செய்யும்போது அரசு திருப்பித் தரும் கழிவுத் தொகை, நீங்கள் கட்டிய கூடுதல் பதிவுக் கட்டணத்தையும் காரின் வயதையும் வைத்துக் கணக்கிடப்படுவது. பெயிண்ட் மின்னுவதற்காக ஒரு வெள்ளிகூட அதிகம் கிடைக்காது. பத்தாண்டு உத்தரவாதம் உங்களுக்கு எதற்கு? சான்றிதழைப் புதுப்பித்து ஓட்டுவதாக இருந்தாலோ, மலேசியாவின் வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் அடிக்கடி போய்வருபவராக இருந்தாலோ, மறுபூச்சு காய்ந்தபின் கல் தெறிக்கும் முன்பகுதிக்கு மட்டும் ஃபிலிம் போடுங்கள்.

கேள்வி: வெள்ளைக் காருக்குப் பச்சை வினைல் ஒட்ட ஆசை. பெயிண்ட்டுக்கும் அதுவே பாதுகாப்பு என்கிறார்களே?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: ஆசை நியாயமானது, அம்மா. ஆனால் வினைல் அழகுக்காக ஒட்டுவது. அதன் தடிமன் 0.1 மில்லிமீட்டர் அளவுதான். வெயிலையும் சின்னக் கீறலையும் தடுக்கும், தெறிக்கும் கல்லை அவ்வளவாகத் தாங்காது. அதற்கென உள்ள ஒளிபுகும் பாலியூரித்தேன் ஃபிலிம் 0.15 முதல் 0.2 மில்லிமீட்டர் வரை தடித்தது, இழுத்தால் நீண்டு கொடுக்கும். நம் வெயிலில் வினைல் சில ஆண்டுகளில் விறைத்துவிடும். கூரையும் பானெட்டும்தான் முதலில். விறைப்பதற்கு முன்பே கழற்றிவிடுங்கள், பிறகு துண்டு துண்டாகத்தான் வரும். காரின் நிறம் மாறுவதால் நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும். காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஃபிலிம் ஒட்டிய இரண்டே மாதத்தில் ஓரம் உரிகிறது. நான் கழுவிய விதம் சரியில்லை என்று கடைக்காரர் கைகழுவுகிறார்.
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: உரிந்த இடங்களைத் தேதியுடன் படம் எடுத்து, சரிசெய்து தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் பயனீட்டாளர் சங்கமான கேஸிடம் போகலாம். அங்கும் தீராவிட்டால் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றம் இருக்கிறது. 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கையை அது விசாரிக்கும்; இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. இரண்டாண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். வழக்கறிஞர் வைக்க முடியாது, நீங்களேதான் பேச வேண்டும். ரசீதில் ஃபிலிமின் பெயரும் சுருளின் எண்ணும் இருந்தால் உங்கள் கை ஓங்கும். ஜொகூர் பாருவில் ஒட்டியிருந்தால் இந்த வழியில் பணத்தைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம்.

மறுபடி ஒட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் இறங்கிவந்தால், உடனே சரி சொல்லாதீர்கள். பழைய ஃபிலிமைக் கழற்றியதும் கதவு விளிம்பிலும் பானெட் ஓரத்திலும் டார்ச் விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். நூல் பிடித்ததுபோல் நேரான, மெல்லிய கோடு தெரிந்தால் அது ஃபிலிமை வெட்டிய பிளேடு பெயிண்ட்டில் இறங்கிய தடம். நகத்தால் வருடினால் தட்டுப்படும். அதையும் படமெடுத்து, யார் செலவில் சரிசெய்வது என்று எழுதி வாங்கிய பிறகே புதிய ஃபிலிம் ஒட்ட விடுங்கள். ஒட்டிவிட்டால் சான்று அதற்கு அடியில் போய்விடும்.