அடுப்படிக் கேள்விகள்: நின்றுபோன சூடு

கேள்வி: பெல்லட் ஸ்மோக்கரில் (பெல்லட் எனும் அழுத்திய மரத்தூள் குச்சிகளை எரித்து, அந்தப் புகையிலும் சூட்டிலும் கறியை மெதுவாக வேகவைக்கும் அடுப்பில்) மாட்டு நெஞ்சுக்கறி, அதாவது பிரிஸ்கெட், வைத்தால் உள்சூடு 70 டிகிரி செல்சியஸில் நின்றுவிடுகிறது. மணிக்கணக்கில் ஏறவே இல்லை. மெஷின் பழுதா?
- வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: பழுதெல்லாம் இல்லை, கவலைப்படாதீர்கள். கறியின் மேலே கசிகிற ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கூடவே எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்கிற அதே கதைதான். பதறிப்போய் சூட்டைக் கூட்டாதீர்கள். நான் ஸ்மோக்கரின் சூட்டை 110 டிகிரியிலேயே விட்டுவிடுவேன். மேல்பக்கம் நன்றாகக் கறுத்து, நகத்தால் சுரண்டினாலும் உப்பும் மிளகும் உதிராத பக்குவம் வந்ததும், மெழுகு பூசாத பழுப்புக் காகிதத்தில் இறுக்கிச் சுற்றி மறுபடி உள்ளே வைப்பேன். ஈரம் வெளியேற வழி குறைந்ததும் சூடு தானாக ஏறும். கறியின் உள்சூடு 95ஐ நெருங்கும்போது கம்பியைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் இறங்கினால் சரி, எடுத்துவிடலாம். உடனே வெட்ட வேண்டாம். ஒரு மணி நேரமாவது அப்படியே இருக்கட்டும். இந்தப் பொறுமை இல்லாமல்தான் பலர் நல்ல கறியைக் கெடுக்கிறார்கள்.

அப்புறம், பெல்லட்டை மூடி போட்ட வாளியில் வையுங்கள். ஈரம் பட்டால் மரத்தூளாக உப்பி, பெல்லட்டை நெருப்புக்குத் தள்ளிவிடும் திருகாணியையே அடைத்துவிடும்.