சோலார் பேனலுக்கு முன்னால் மொட்டைமாடியைத் தொட்டுப் பாருங்கள்

கேள்வி: நகரத்தில் அறுபது வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். கரண்ட் செலவைக் குறைத்து, இருக்கிற கட்டடத்தையே பசுமைக் கட்டடமாக்க வேண்டும் என்று சங்கத்தில் பேசிக்கொண்டிருக்கிறோம். முதலில் சோலார் போடலாமா, வேறு எதிலாவது தொடங்கலாமா?

சோலார் கண்டிப்பாகப் போடுங்கள். ஆனால் அதைக் கடைசியில் வையுங்கள். நாங்களும் உங்களைப் போலத்தான் யோசித்தோம். பட்டபிறகுதான் வரிசை புரிந்தது. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்களுடையது எட்டு மாடிக் கட்டடம். நான் இருப்பது கடைசி மாடி. சங்கக் கூட்டத்தில் சோலார் என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்ட நேரத்தில், மூன்றாவது மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் எழுந்தார். "எது எவ்வளவு இழுக்குதுன்னே தெரியலை. அப்புறம் எத்தனை பேனல் வேணும்னு எப்படிச் சொல்வீங்க? ஒரு மாசம் மீட்டரைப் பார்ப்போம்" என்றார். சிலருக்கு எரிச்சல். ஆனாலும் பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டோம்.

வீடுகளின் மீட்டரை விட்டுவிட்டு, பொது மீட்டரை மட்டும் இரவு பதினொன்றுக்கும் விடிகாலை ஐந்துக்கும் படித்தோம். அந்த நேரத்தில் லிஃப்ட் அதிகம் ஓடாது, ஆட்கள் நடமாட்டம் இருக்காது. அப்படியானால் யூனிட்டும் அதிகம் ஏறக்கூடாது இல்லையா? ஏறியிருந்தது. மறுநாள் இரவு இரண்டு மணிக்கு அவரும் நானும் டார்ச்சோடு சுற்றினோம். கீழே வண்டி நிறுத்தும் தளத்தில் ஒரு ஆள் இல்லை, எல்லா டியூப் லைட்டும் எரிந்துகொண்டிருந்தது. காற்றை வெளியேற்றும் மின்விசிறி பகலில் எப்படி ஓடுமோ அப்படியே ஓடியது. மாடிக்குப் போனால் தண்ணீர் விழும் சத்தம். மேல்நிலைத் தொட்டியில் மிதவை சிக்கிக்கொண்டிருக்கிறது. தொட்டி நிரம்பி, வழியும் குழாய் வழியாகத் தண்ணீர் வடிகாலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. மோட்டார் நிற்காமல் ஏற்றிக்கொண்டே இருக்கிறது. எத்தனை மாதமாக அப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. குழாய்க்குக் கீழே சுவர் முழுக்கப் பாசி பிடித்திருந்ததைப் பார்த்தால் வெகுநாளாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த மிதவையை மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

தண்ணீரும் கரண்ட்டும் ஒன்றுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. 1,000 லிட்டர் தண்ணீரை 30 மீட்டர் உயரத்துக்கு ஏற்றக் கணக்குப்படி 0.08 யூனிட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து அதில் பாதியளவு திறனோடுதான் வேலை செய்கின்றன என்று வைத்தால் 0.16 யூனிட். ஒரு நாளைக்கு 50,000 லிட்டர் ஏற்றுகிற குடியிருப்புக்கு 8 யூனிட். ஆக, ஒழுகும் ஒவ்வொரு ஃப்ளஷ் தொட்டியும் மின்சாரத்தை ஒழுகவிடுகிறது. (ஒரு எச்சரிக்கை: மோட்டாரின் வேகத்தை மாற்றும் கருவியை விற்க வருகிறவர்கள், வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் பாதியாகும் என்பார்கள். தண்ணீரைக் குழாய்க்குள் சுற்றிவரச் செய்கிற பம்புக்கு அது ஏறக்குறைய சரி. உயரத் தொட்டிக்கு ஏற்றுகிற பம்புக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. உயரம் குறையாதே.)

அடுத்தது மொட்டைமாடி. இதில்தான் அதிக நேரம் செலவிட்டோம், அதிக வாக்குவாதமும் இதில்தான்.

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சாயங்காலத்துக்கு மேல் மெதுவாக உள்ளே இறக்கும். அதனால்தான் கடைசி மாடியில் இருப்பவர்களுக்கு மதியத்தைவிட ராத்திரி ஒன்பது மணிக்குப் புழுக்கம் கூடுதல். வெளியே காற்று குளிர்ந்துவிட்டிருக்கும், வீட்டுக்குள் தலைக்கு மேலே ஒரு தோசைக்கல் இருக்கும். சாதாரணக் கூரையின் மேற்பரப்பு கடும் வெயிலில் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடும். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு போட்ட கூரை அதைவிட 28 டிகிரிக்கும் மேல் குறைவாக இருக்க முடியும் என்று அமெரிக்க எரிசக்தித் துறையே சொல்கிறது. பூச்சு மேற்பரப்பை மட்டும்தான் பார்த்துக்கொள்ளும். தளத்துக்கு மேல் வெப்பக் காப்புப் பலகையும் சேர்ந்தால்தான் முழுப் பலன்.

பணத்தை எல்லா வீடும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும் என்றபோது, தரைத்தளத்து அம்மா கேட்டார்: "உன் வீட்டுக்கு வெயில் இறங்குது, அதுக்கு நான் ஏம்மா காசு தரணும்?" நியாயமான கேள்வி. கூட்டத்தில் நான் பதில் சொல்லவில்லை. "ராத்திரி பத்து மணிக்கு ஒரு தடவை மேலே வாங்கம்மா" என்றேன். வந்தார். படுக்கையறையில் நாற்காலி போட்டு ஏற்றிவிட்டுக் கூரையைத் தொடச் சொன்னேன். தொட்டவர் கையை எடுக்கவில்லை, கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார். "குழந்தைங்க இதுக்குக் கீழேயா தூங்குது?" என்றார்.

அதற்கப்புறம்தான் மற்றக் காரணங்களைச் சொன்னேன். கூரை எல்லோருக்கும் பொதுச் சொத்து. தினமும் சூடாகி விரிந்து, இரவில் குளிர்ந்து சுருங்கிக் கொண்டே இருந்தால் அதில் வெடிப்பு விடும். மழைத் தண்ணீர் அந்த வெடிப்பில் இறங்கினால் அது கடைசி மாடியோடு நிற்காது. கடைசி மாடி ஏசிகள் எல்லாம் ஒரே நேரத்தில் முழு வேகத்தில் ஓடும்போது எல்லோருக்கும் வரும் கேபிள்தான் சுமை தாங்குகிறது. அடுத்த கூட்டத்தில் இதையெல்லாம் எனக்காக அவரே எடுத்துப் பேசினார். உங்கள் இடத்திலும் இந்தக் கேள்வி வரும். தாளில் கணக்குக் காட்டுவதற்கு முன்னால் கையால் தொட வையுங்கள்.

பூச்சு அழுக்கானால் வேலை செய்யாது. வருடத்துக்கு இரண்டு தடவையாவது கழுவ ஆள் வேண்டும், அதை அப்போதே சங்கத்தின் செலவுப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். நாங்கள் சேர்க்கவில்லை. இரண்டாவது வருடம் பூச்சு சாம்பல் நிறமாகிவிட்டது, வீட்டிலும் வித்தியாசம் தெரிந்தது.

சன்னல்களுக்கு வருவோம். வெயில் கண்ணாடியைத் தாண்டிவிட்டால் கதை முடிந்தது. வெளிச்சமாக உள்ளே வருகிறது, தரையிலும் சோபாவிலும் பட்டுச் சூடாக மாறுகிறது, அந்தச் சூடு கண்ணாடி வழியாகத் திரும்ப எளிதில் வெளியே போவதில்லை. உள்ளே தொங்கும் திரை கண்ணுக்கு நிழல் தரும், ஆனால் சூடு அதற்குள் அறைக்குள் வந்தாகிவிட்டது. மறைப்பு வெளியே இருக்க வேண்டும். மேற்குச் சன்னலுக்கு வெளியே சாய்வாக ஒரு மறைப்பு வைத்தால் உள்ளே வரும் வெயில் சூட்டை 77 சதவீதம்வரை தடுக்க முடியும் என்பது அதே அமெரிக்கத் துறையின் கணக்கு. குடியிருப்பில் ஆளுக்கொரு நிறத்தில் மாட்டினால் சங்கத்தில் சண்டை வரும், எனவே ஒரே அளவு, ஒரே நிறம் என்று முன்கூட்டியே முடிவுசெய்து மொத்தமாகச் செய்யக் கொடுங்கள்.

இடுக்குகளை அடைப்பது இதைவிடச் சுலபம். ஏசி போடுகிற அறையில் கதவு, சன்னலை மூடிவிட்டு, ஒரு ஊதுபத்தியைச் சட்டத்தின் ஓரமாக மெதுவாக நகர்த்துங்கள். புகை நேராக மேலே போனால் சரி. ஏதோ ஓரிடத்தில் வளைந்து ஓடினால் அங்கே காற்று போகிறது என்று அர்த்தம். ரப்பர் பட்டை ஒட்டினால் போதும். குளிர்ப் பிரதேசத்தில் இதுவே பாதி யுத்தம். ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரில் 1991இல் வரிசையாக நான்கு வீடுகள் கட்டினார்கள். மிகக் குறைந்த எரிசக்தியில் வீட்டைக் கதகதப்பாக வைக்கும் பாசிவ்ஹவுஸ் என்ற முறையின் தொடக்கம் அது. அந்த முறைப்படி கட்டும் வீட்டில் கதவில் ஒரு விசிறியைப் பொருத்தி, உள்ளுக்கும் வெளிக்கும் 50 பாஸ்கல் அழுத்த வித்தியாசம் உண்டாக்கிப் பார்ப்பார்கள். ஒரு மணி நேரத்தில் கசியும் காற்று, வீட்டின் மொத்தக் காற்றில் 0.6 மடங்கைத் தாண்டக் கூடாது. சூடேற்ற ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு 15 யூனிட் என்பது வரம்பு.

ஆனால் இடுக்கை அடைக்கிறேன் என்று சமையலறைக் காற்றுத்துளையையும் குளியலறைத் துளையையும் அடைத்துவிடாதீர்கள். கேஸில் ஓடும் வெந்நீர்க் கருவி இருக்கும் இடத்தில் காற்றோட்டம் இல்லாமல் போனால் கார்பன் மோனாக்சைடு சேரும். நிறமில்லை, வாசனையில்லை, ஆளைக் கொல்லும். பாசிவ்ஹவுஸ் வீடுகள்கூட, வெளியேறும் காற்றின் சூட்டைத் திரும்பப் பிடித்துக்கொண்டு புதுக் காற்றை உள்ளே விடும் கருவியோடுதான் இறுக்கமாக அடைக்கப்படுகின்றன.

வீட்டுக்குள் இருக்கும் சாமான்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சீலிங் ஃபேன் 75 வாட் எடுக்கும், பிஎல்டிசி என்ற, கரண்ட் குறைவாக இழுக்கும் மோட்டார் உள்ளது 35 வாட்டுக்குள் முடித்துவிடும். தினம் 12 மணி நேரம் ஓடினால் ஒரு ஃபேனுக்கு வருடத்தில் சுமார் 175 யூனிட் மிச்சம். மொத்தமாக வாங்கினால் விலையும் குறையும். ஃபேன் அறையைக் குளிர்விப்பதில்லை, ஆளைத்தான் குளிர்விக்கிறது. யாரும் இல்லாத அறையில் அது ஓடுவதில் எந்தப் பயனும் இல்லை. ஏசியோடு ஃபேனும் ஓடினால் ஏசியை இரண்டு டிகிரி கூட்டி வைத்தாலும் உடம்புக்கு அதே சுகம்தான்.

இப்போது, ஏன் இந்த வரிசை என்று சொல்கிறேன். நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடம் 1931இல் திறந்தது. 2009இல் அதைச் சீரமைக்கத் தொடங்கியபோது புதுச் சன்னல் வாங்கவில்லை. கட்டடத்துக்குள்ளேயே ஒரு பட்டறை போட்டு, 6,514 சன்னல்களின் கண்ணாடியைக் கழற்றி, நடுவில் மெல்லிய படலம் வைத்து, வாயு நிரப்பி மறுபடி மாட்டினார்கள். சூடேற்றும் கருவிகளுக்குப் பின்னால் காப்பு வைத்தார்கள், விளக்குகளை மாற்றினார்கள். இவ்வளவும் செய்ததில் கட்டடத்துக்குக் குளிரூட்டும் தேவையே குறைந்துவிட்டது. அதனால் பெரிய புதுக் குளிரூட்டும் இயந்திரங்கள் வாங்க வேண்டிய அவசியம் வரவில்லை, பழையவற்றையே புதுப்பித்தார்கள். மொத்தத் திட்டத்தின் இலக்கு 38 சதவீத எரிசக்திச் சேமிப்பு. தேவையை முதலில் குறைத்தால் பின்னால் வாங்கும் இயந்திரம் சின்னதாகிவிடும். சோலாருக்கும் இதே கணக்குதான்.

தெற்கு லண்டனில் பெட்செட் என்று சுமார் நூறு வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு உண்டு. 2002இல் முடிந்தது. பசுமைக் குடியிருப்பு என்றாலே அதைத்தான் காட்டுவார்கள். அதில் மரத்துண்டுகளை எரித்து மின்சாரமும் சூடும் தரும் ஒரு நிலையம் அமைத்திருந்தார்கள். அது நினைத்தபடி ஓடவில்லை, சில வருடங்களில் நிறுத்தி, கேஸ் கொதிகலனுக்கு மாற வேண்டியதாயிற்று. தடித்த காப்புச் சுவர்களும், வெயிலைப் பார்த்துக் கட்டிய சன்னல்களும் மட்டும் இன்றைக்கும் தங்கள் வேலையைச் செய்கின்றன. சுவருக்கு ரிப்பேர்காரர் தேவையில்லை. அறுபது குடும்பங்கள் சேர்ந்து பராமரிக்க வேண்டிய இடத்தில் இதை நான் மிகப் பெரிய விஷயமாக நினைக்கிறேன்.

பசுமைக் கட்டடச் சான்றிதழ் வாங்கலாமா என்று உங்கள் சங்கத்தில் யாராவது கேட்பார்கள். பிரிட்டனின் பிரீயம் என்ற சான்றிதழ் 1990இல் வந்தது, அமெரிக்காவின் லீட் என்ற சான்றிதழ் அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்தது. இரண்டிலும் நல்ல விஷயங்கள் நிறைய இருக்கின்றன. ஆனால் வரைபடத்தைப் பார்த்துக் கொடுத்த மதிப்பெண்ணும், ஆள் குடிவந்தபின் மீட்டர் காட்டும் எண்ணும் பல இடங்களில் ஒத்துப்போவதில்லை. எங்கள் கட்டடத்தை விற்றவர்களே பசுமைக் கட்டடம் என்று சொல்லித்தான் விற்றார்கள். மிதவை சிக்கியதும் அதே கட்டடத்தில்தான். சான்றிதழுக்குக் கட்டும் பணத்தை முதலில் கூரைக்குப் போடுங்கள். மாதா மாதம் பொது மீட்டரின் எண்ணை லிஃப்ட் பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். எங்களிடம் பிள்ளைகள்தான் அதை எழுதுகிறார்கள். எண் கூடினால் பெரியவர்களைக் கேள்வி கேட்கிறார்கள்.

கடைசியாகச் சோலார். 400 வாட் பேனல் ஒன்று சுமார் 2 சதுர மீட்டர் இடம் எடுக்கும். ஒரு கிலோவாட்டுக்குப் பேனல் மட்டும் 5 சதுர மீட்டர், நடக்கவும் கழுவவும் விடும் வழியைச் சேர்த்தால் இன்னும் கூடும். மாடி உயர உயர வீடுகள் கூடும், கூரை கூடாது. எனவே அறுபது வீட்டின் முழுத் தேவையையும் அது தரும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொது மீட்டரின் பகல் நேரத் தேவைக்கு அளவெடுத்துப் போடுங்கள், தண்ணீர் ஏற்றும் நேரத்தைப் பகலுக்கு மாற்றிவிடுங்கள். நாங்கள் முதலில் பேசியதில் பாதியளவு பேனலே போதுமென்று ஆனது. பூச்சு, காப்பு வேலை முடியாமல் பேனலின் கால்களைத் தளத்தில் இறக்காதீர்கள். பின்னால் ஒவ்வொரு காலையும் சுற்றி வேலை செய்ய வேண்டியிருக்கும், தண்ணீர் இறங்குவதும் அந்த இடத்தில்தான்.

பொது மீட்டரை இந்த வாரமே படிக்கத் தொடங்குங்கள். அதோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டியின் நிழலும் லிஃப்ட் அறையின் நிழலும் காலை, மதியம், மாலை எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போட்டுப் படம் எடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை அதையே செய்யுங்கள், சூரியன் இடம் மாறியிருக்கும். அதற்குள் கூரை வேலையும் முடிந்திருக்கும். பேனல் விற்க வருகிறவர் நிழல் விழும் இடத்தில் இரண்டு வரிசை வரைந்து காட்டினால், அந்தப் படத்தை எடுத்து நீட்டலாம்.