அந்த வல்லம் என்ன ஆயிற்று? – கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

நான் மண்டபத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா வல்லம் என்ற நாட்டுப்படகில் மீன்பிடித் தொழில் செய்தவர். இப்போது அவருக்குப் பார்வை மங்கிவிட்டதால் உங்கள் நாவலைப் பதினோரு இரவுகள் நான்தான் வாசித்துக் காட்டினேன். செய்யாத கொலைக்கு ஆயுள் தண்டனை பெற்ற வல்லக்காரரையும், அவர் தண்டனையே பெறாத இன்னோர் உலகத்திலிருந்து இங்கு வந்து சேரும் அவருடைய தம்பியையும் எங்களால் மறக்க முடியவில்லை. எங்கோ ஓர் உலகத்தில் அவர் வீட்டில் இருக்கிறார் என்பது எனக்கு ஆறுதலாக இருந்தது. அப்பாவுக்கு அப்படி இல்லை.

கொலையைக் கண்ணால் பார்த்த தம்பியின் சாட்சியத்தைக் கொண்டு அண்ணனை ஏன் நீங்கள் மீட்கவில்லை? உலகம் இரண்டாகப் பிரியும் இடமாக 1964 புயலை வைக்காமல், டீக்கடையில் ஒருவர் காவலரின் தாளில் போடும் சாட்சிக் கையெழுத்தை ஏன் வைத்தீர்கள்? மூன்றாவது, அப்பா கேட்டது: "செயிலுக்குப் போனவனோட வல்லம் என்னாச்சு? அதைப் பத்தி ஒரு வரி இல்லையே?"

– ஒரு வாசகி, மண்டபம்

அன்புள்ள சகோதரிக்கு,

ஒருவர் வாசிக்க ஒருவர் கேட்டுப் பதினோரு இரவுகள் ஒரு நாவலோடு இருந்திருக்கிறீர்கள். அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆறுதல் விஷயத்தில் நான் அவர் பக்கம். 1957-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ஹியூ எவரெட் தம் முனைவர் பட்ட ஆய்வில் முன்வைத்த கருத்திலிருந்துதான் நாம் இன்று பேசும் பல உலகக் கொள்கை கிளைத்தது. அணுவளவில் நடக்கும் ஒரு குவாண்டம் நிகழ்வுக்குப் பல விளைவுகள் சாத்தியமாக இருக்கும்போது, அளந்து பார்த்ததும் ஒன்று நிலைத்து மற்றவை மறைந்துவிடுவதில்லை, எல்லாமே தத்தம் கிளையில் தொடர்கின்றன என்பது அதன் சாரம். இயற்பியலாளர் அனைவரும் இதை ஏற்கவில்லை. ஏற்பவர்களின் கணக்குப்படியும் பிரிந்த கிளைகள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ள வழியில்லை. தம்பியை இங்கே வரவழைத்தது புனைகதைக்காக நான் எடுத்துக்கொண்ட உரிமை. அங்கே கரையில் வலை உலர்த்தும் அண்ணனால் இங்கே சிறையில் இருக்கும் அண்ணனுக்கு ஒரு வாய்ச் சோறு வந்து சேராது. அந்த ஆறுதலை ஒப்புக்கொண்டால், இங்கே நியாயமாக விடுதலையான ஒவ்வொருவரும் எங்கோ ஓர் உலகத்தில் தண்டனை அனுபவிக்கிறார் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

சாட்சியம் பற்றிய கேள்விக்கு, உலகங்கள் எப்போது பிரிந்தன என்பதில்தான் விடை இருக்கிறது. பிரிவதற்கு முன்பிருந்த கடந்த காலம் இரண்டு கிளைகளுக்கும் பொதுவானது. கொலைக்கு முன்பே பிரிந்திருந்தால் அங்கே நடந்த கொலை வேறு, இங்கே நடந்த கொலை வேறு. தம்பியின் வாக்குமூலம் இந்த வழக்குக்கு உதவாது. ஆனால் என் நாவலில் உலகம் பிரிவது கொலை நடந்து நான்கு நாள் கழித்து, அந்தக் கையெழுத்தில். அப்படியானால் அங்கிருந்து வந்த தம்பி பார்த்ததை இந்த உலகத்துத் தம்பியும் பார்த்திருக்கிறான். அவன் அதைக் கரையில் பலரிடம் சொல்லவும் செய்தான். அங்கே சாட்சிக் கையெழுத்து மறுக்கப்பட்டு வழக்கு ஆட்டம் கண்டதால் மறுபடி விசாரித்தார்கள், அவனிடமும் கேட்டார்கள். இங்கே தாள் முழுமையாகிவிட்டதால் கேட்கவில்லை, சாட்சிகள் பட்டியலில் அவன் பெயரே இல்லை. தீர்ப்புக்குப் பிறகு அவன் வாய் திறக்கும்போது, கூடப் பிறந்தவன் காலம் கடந்து சொல்லும் பேச்சாக அது ஆகிவிடுகிறது. மேல்முறையீட்டில் கூடுதல் சாட்சியம் எடுக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், அதைக் கேட்டுப் பெற நல்ல வழக்கறிஞரும் பணமும் வேண்டும். இன்னோர் உலகத்திலிருந்து ஒருவன் வந்து சொல்ல வேண்டிய உண்மை எதுவும் இந்த வழக்கில் இல்லை. இதை நாவலில் இன்னும் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

புயலை நானும் யோசித்தேன். 1964 டிசம்பர் 22 இரவில் பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலைத் தனுஷ்கோடியின் வாசலில் கடல் கொண்டுபோனது. அந்த இரவு வராத ஓர் உலகத்தை இந்தக் கரையில் கற்பனை செய்து பார்க்காதவர்கள் இருக்க மாட்டார்கள். ஆனால் புயலை யாரும் தீர்மானிக்கவில்லை. ஒருவர் "மாட்டேன்" என்று சொல்லியிருக்கக்கூடிய இடம் எனக்கு வேண்டியிருந்தது, அப்படி ஓர் இடம் என் வாழ்க்கையிலேயே இருந்தது.

எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் பேருந்துக்காக டீக்கடையில் காத்திருந்தேன். காவலர் ஒருவர் வந்து, "தம்பி, படிச்ச பிள்ளை மாதிரி இருக்கீங்க, சாட்சியா ஒரு கையெழுத்துப் போடுங்க" என்று மூன்று நீளத் தாள்களை நீட்டினார். கார்பன் வைத்து எழுதியவை. ஒரு பித்தளைக் குடமும் இரண்டு சைக்கிள் டயர்களும் என் முன்னிலையில் கைப்பற்றப்பட்டதாக அந்த மகஜர், அதாவது பொருள்களைக் கைப்பற்றியதற்கான பதிவுத் தாள், சொன்னது. மேசையில் கிளாஸ் வைத்த ஈரம் பட்டு இரண்டாம் பிரதியின் ஓரம் ஊறியது. அவர் அதைச் சட்டையில் ஒற்றி எடுத்துவிட்டு மறுபடி நீட்டினார். குடத்தை நான் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். பேருந்து வந்தது, ஏறிக்கொண்டேன். என்னை யாரும் நீதிமன்றத்துக்கு அழைக்கவில்லை, அந்த வழக்கு யார்மீது என்று நானும் கேட்கவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் அந்த ஊறிய ஓரம் நினைவுக்கு வருகிறது.

மகஜர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் சொல்ல வேண்டும். காவலரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் நம் சட்டத்தில் சாட்சியமாகாது. ஆனால் அதைப் பின்பற்றி ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டெடுப்புக்கு இட்டுச்சென்ற பகுதி மட்டும் ஏற்கப்படும். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு இது. 2023-இல் இயற்றப்பட்டு 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள புதிய சட்டத்தில் 23-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆகவே கத்தி எங்கிருந்து எடுக்கப்பட்டது என்று சொல்லும் தாளும் அதன் கீழே இருக்கும் கையெழுத்துகளும் ஒரு மனிதரின் ஆயுளைத் தீர்மானித்துவிடக் கூடும். என் நாவலில், கார்த்திகை மாதத்து வாடைக்காற்றில், வடகடல் என்று நாம் சொல்லும் பாக் விரிகுடாக் கரையில் நின்ற வல்லத்திலிருந்து கத்தி எடுக்கப்பட்டதாக மகஜர் சொல்கிறது. வாடைக் காலத்தில் வடகடல் கொந்தளிக்கும், அப்போது வல்லங்கள் தென்கடலான மன்னார் வளைகுடாப் பக்கம் போய்விடும் என்பது பாம்பனிலும் மண்டபத்திலும் சிறுபிள்ளைகளுக்கும் தெரியும். விசாரணை நடந்த அறையில் இருந்த யாருக்கும் அது தெரியவில்லை. நான் எழுத விரும்பிய இணை உலகம் உண்மையில் இதுதான்: வல்லம் தென்கரையில் நின்ற உலகம் ஒன்று, வழக்குக் கட்டுக்குள் அது வடகரையில் நிற்கும் உலகம் இன்னொன்று. நீதிபதியின் கண்ணுக்கு எட்டுவது இரண்டாவது மட்டும்.

அந்த இரண்டாவது உலகத்திலிருந்து வெளியே வருவது சிறையிலிருந்து வருவதைவிடக் கடினம். நம் மாவட்டத்து மீனவர் ஐவர் 2011-இல் இலங்கைக் கடற்படையால் கைதாகி, போதைப்பொருள் வழக்கில் 2014 அக்டோபரில் கொழும்பு உயர் நீதிமன்றத்தால் தூக்குத் தண்டனை பெற்றதும், நவம்பரில் இலங்கை அதிபரின் மன்னிப்பால் ஊர் திரும்பியதும் உங்களுக்கு நினைவிருக்கும். அவர்கள் குற்றமற்றவர்கள் என்றே குடும்பத்தார் சொல்லிவந்தனர். ஐந்து பேர் உயிரோடு வந்தார்கள், அதற்கு ஈடாக எதையும் சொல்ல முடியாது. ஆனாலும் மன்னிப்பு என்பது தண்டனையை நீக்குவது. நீ இதைச் செய்யவில்லை என்று அது சொல்வதில்லை. மேல்முறையீட்டில் வெல்பவருக்கு மட்டுமே அந்தச் சொல் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்தவருக்கும் இழந்த வருடங்களுக்கு ஈடு கேட்க நேரான வழி இங்கே இல்லை. இழப்பீட்டுக்குச் சட்டம் வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2018-இல் தன் 277-ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அது இன்னும் பரிந்துரையாகவே இருக்கிறது.

இனி அப்பாவின் கேள்வி. நாவலைப் பற்றி இதுவரை என்னிடம் கேட்கப்பட்டவற்றில் எனக்குப் பதில் தெரியாமல் போனது இது ஒன்றுதான். எழுதும்போது கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தேன், கத்தி எடுக்கப்பட்ட வல்லமும் வழக்குச் சொத்துதான் என்று எனக்குத் தோன்றவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன். அதை லாரியில் ஏற்றிக் காவல் நிலையத்துக்குப் பின்னால், வேலிக்கருவைக்கு நடுவே கவிழ்த்துப் போட்டிருப்பார்கள். தண்ணீரில் கிடக்க வேண்டிய மரம் இரண்டு கோடை வெயிலில் காய்ந்து பலகைகள் விலகியிருக்கும், இடுக்குகளில் அடைத்த பஞ்சு உதிர்ந்திருக்கும், பக்கவாட்டில் வழக்கு எண்ணை வெள்ளைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். ஏழாம் ஆண்டில் தம்பி மனுப் போட்டு அதை மீட்டு, கரைக்குக் கொண்டுவந்து தண்ணீரில் தள்ளிப் பார்க்கிறான். நான்கு பக்கமும் நீர் ஏறுகிறது. அடுத்த பதிப்பில் இந்த இடத்தைச் சேர்க்கப் போகிறேன். அப்படிக் காய்ந்துபோன வல்லத்தைத் திரும்பத் தொழிலுக்கு எடுக்க முடியுமா, விறகுக்குத்தான் ஆகுமா என்று அப்பாவிடம் கேட்டு எழுதுங்கள்.