பழைய காசில்வேனியா வீடியோ கேம ரீவைண்ட் போட்டு, அதாவது ஆட்டத்த கொஞ்சம் பின்னால ஓட்டி திரும்ப ஆடி, முடிச்சா, அது முடிச்ச கணக்குல சேருமா?

சேரும். யாரோ உங்கள மட்டம் தட்டி பேசியிருக்காங்க, இல்லன்னா இப்படி ஒரு கேள்வி வராது. பழைய காசில்வேனியா கேம்கள சேர்த்து 2021ல வந்த அட்வான்ஸ் கலெக்‌ஷன்ல சர்க்கிள் ஆஃப் த மூன் விளையாடி, கடைசி வில்லன் டிராகுலாவோட ரெண்டாவது உருவத்துகிட்ட செத்து செத்து, கடைசியில ரீவைண்ட் தொட்டுட்டேன்னு எழுதியிருக்கீங்க. நானும் அதே இடத்துலதான் தொட்டேன். அதுக்கு முன்னாடி 18 வருசம் அந்த கேம் எனக்கு முடியாமலே கிடந்துச்சு.

2003ல நாங்க மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்துல, அதாவது தொழிலாளிங்க வரிசை வீட்டுல இருந்தோம். சிங்கப்பூர்ல வேலை செஞ்ச மாமா, தன் மகன் விளையாடி விட்ட கேம்பாய் அட்வான்ஸ்ங்கிற கையடக்க கேம் மெஷின எனக்கு குடுத்தாரு, உள்ள இந்த ஒரு கேம்தான். அந்த முதல் மாடலுக்கு ஸ்க்ரீன்ல லைட்டே கிடையாது, வெளி வெளிச்சம் பட்டாதான் படம் தெரியும். கேமோ ஆரம்பிச்ச உடனே தரை இடிஞ்சு, கேமோட நாயகன் நேத்தன் நேரா பாதாள கல்லறைக்குள்ள விழுறான், சுத்தி எல்லாம் கருப்பும் கரும்பழுப்பும். எலும்புக்கூடு எறியிற எலும்பு மேல பட்ட பிறகுதான் அங்க ஒருத்தன் நிக்கிறான்னே தெரியும். அதனால ஸ்கூல் விட்டு வந்து சாயங்காலம் ஆறரை வரைக்கும் வாசப்படியில, வெயில் முதுகுப்பக்கம் விழுற மாதிரி உக்காந்து விளையாடுவேன்.

அதுல கார்டு முறை ஒன்னு இருக்குல்ல, மொத்தம் 20 கார்டு, இதுல ஒன்னு அதுல ஒன்னு சேர்த்தா 100 விதமான சக்தி. மெர்க்குரி கார்டும் சாலமாண்டர் கார்டும் சேர்ந்தா நேத்தனோட சவுக்குல நெருப்பு புடிக்கும். அந்த மங்கலான ஸ்க்ரீன்ல, நெருப்பு வந்த பிறகுதான் சவுக்கு எதுவரைக்கும் போகுதுன்னே எனக்கு கண்ணுக்கு தெரிஞ்சுது. ஆனா கார்டு எப்ப விழும்னு சொல்ல முடியாது, ஒரே பேய அடிச்சு, ரூமை விட்டு வெளிய போயி, திரும்ப வந்து அடிச்சு, இப்படியே மணிக்கணக்கா. சேவ் ரூமுக்கு போய் சேர்றதுக்குள்ள செத்தா அத்தனையும் போச்சு. சின்ன பேட்டரி ரெண்டு போட்டா ஏறக்குறைய 15 மணி நேரம் ஓடும், பச்சை லைட்டு சிவப்பாயிட்டா பேட்டரிய கழட்டி தகர கூரை மேல வெயில்ல காய வச்சு, இன்னும் கொஞ்ச நேரம் இழுப்பேன்.

ஒருநாள் அதுவும் வேலைக்கு ஆகல. நேத்தனோட போட்டியாளன் ஹ்யூவ ஜெயிச்சு கடைசி சாவி கைக்கு வந்துருச்சு, மிச்சம் டிராகுலா மட்டும்தான், சிவப்பு லைட்டு எரியுது. அம்மாவோட டார்ச்லைட்டுல இருந்த ரெண்டு பேட்டரிய எடுத்து போட்டேன். காலையில திருப்பி வச்சிடலாம்னு நினைச்சு தூங்கிட்டேன். அம்மா அஞ்சு மணிக்கு எழுந்து பெரட்டுக்கு, அதாவது விடியகாலை ஆள் கணக்கு எடுக்குற இடத்துக்கு, கிளம்புனவங்க டார்ச்ச ரெண்டு தடவ தட்டி பார்த்தாங்க, பக்கத்து வீட்டு அக்காவ கூப்பிட்டு "நீங்க முன்னால போங்க, நான் பின்னாலயே வர்றேன்"னு சொன்னது படுக்கையில இருந்த எனக்கு கேட்டுச்சு. அந்த பாதையில போன மாசம்தான் ஒருத்தர பாம்பு கடிச்சிருந்துச்சு. அம்மா என்னைய ஒரு வார்த்தை கேக்கல. அன்னைக்கு அந்த கேம அலமாரிக்குள்ள வச்சவன்தான், திரும்ப எடுக்கவே இல்ல.

தெரு விளக்கு இருந்திருந்தா டார்ச்சே தேவைப்பட்டிருக்காதுன்னு சிலர் சொல்வீங்க. இருந்துச்சு, லயத்து முனையில ஒரு கம்பத்துல, நான் பொறந்ததுல இருந்து எரிஞ்சதில்ல. தோட்டத்து கணக்கர் கிராணிகிட்ட எத்தன பேரு எத்தன தடவ சொல்லியிருப்பாங்க! இப்ப தோட்டத்த வித்து, லயத்த இடிச்சு, அதே இடத்துல வீடமைப்பு வந்திருக்கு, ராத்திரி முழுக்க ரெண்டு பக்கமும் விளக்கு எரியுது. அந்த இருட்டுல 26 வருசம் நடந்து பால் வெட்டுனவங்கள்ல ஒருத்தருக்குகூட அங்க வீடு கிடைக்கல. கேள்விக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லதான், ஆனா அத நினைச்சா இன்னைக்கும் எனக்கு வயிறு எரியுது.

2021ல கலெக்‌ஷன் வாங்கி முதல்ல இருந்து விளையாடுனேன். நல்ல வெளிச்சமான ஸ்க்ரீன், எந்த பேய்கிட்ட கார்டு இருக்குன்னு ஓரத்துலயே காட்டுது. டிராகுலா ரெண்டாவது உருவத்துல ரீவைண்ட் அழுத்துனேன், எத்தன தடவன்னு எண்ணல. "உண்மையான ஆட்டக்காரன் இப்படி செய்ய மாட்டான்"னு வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான், உங்களுக்கு நேரமும் வெளிச்சமும் இருந்துச்சு, நல்லா விளையாடுங்க, நான் குறை சொல்லல. எல்லாருக்கும் அது இருந்ததில்ல.

நீங்க அந்த சண்டைய முடிச்சிடுங்க. முடிச்ச பிறகு புது ஆட்டம் தொடங்கும்போது பேர் போடுற இடத்துல இங்கிலீஷ்ல ஃபயர்பால்னு பெரிய எழுத்துல போடுங்க. மந்திரவாதி முறை திறக்கும், 20 கார்டும் முதல்ல இருந்தே கையில இருக்கும், அந்த நெருப்பு சவுக்கும்தான்.